தூக்க முடியாத வாளுக்கு ஆசைப்பட்ட பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, எல்டன் ரிங்ல நீ காட்டுத வீரத்தைக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தாத்தனுக்குக் கண்ணு மங்கிட்டுன்னு நெனைச்சிராத. டிவியில சண்டை நடக்கு, உன் மடியில கைபேசி ஓடுது. "இந்தப் பத்து ஆயுதத்தையும் மொதல்லயே எடுத்துருங்க"ன்னு அதுல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துதான். நீயும் அவன் சொன்ன தெசையில குதிரைய முடுக்குத. பாதி வழியில சாவுத. எந்திரிச்சு வந்து அதே பாதி வழியில மறுபடியும் சாவுத. கொள்ளாம் மக்கா, ரொம்பக் கொள்ளாம். ஆயுதம் வராட்டா என்ன, வழி மனப்பாடம் ஆயிட்டுல்லா.

எனக்குத் தெரிஞ்ச யோசனை சிலது சொல்லுதேன். கேட்டே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. நம்ம குடும்பத்துல எவன் பெரியவன் பேச்சைக் கேட்டான், நீ கேக்கதுக்கு?

குகைய விட்டு வெளிய வந்ததும் தங்கக் கவசம் மாட்டிக் குதிரையில ஒருத்தன் உலாத்துவாம்லா, ட்ரீ சென்டினல், அவங்கிட்ட நேராப் போயி மோதிரு. எதுக்கு ஒத்திப் போடணும்? சுத்திப் போக அத்தாம் பெரிய காடு கெடக்கேன்னு நீ கேக்கலாம். சுத்திப் போறவன் புத்திசாலி. உனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? விடிய விடியச் செத்து, கடைசியா அவனைக் கொன்னுட்டேன்னே வச்சுக்கோ. கோல்டன் ஹால்பர்டு கைக்கு வந்துரும். நீளக் கம்பு, நுனியில கோடாலியும் ஈட்டியும், பாக்கதுக்கு லெச்சணமான ஆயுதம். இப்பம் மெனுவைத் தொறந்து பாரு. ஸ்ட்ரெங்த் 30 கேக்கும், டெக்ஸ்டெரிட்டி 14 கேக்கும், ஃபெய்த் 12 கேக்கும். நீயோ சவடாலா ரெட்ச்னு ஒரு ஆளை எடுத்து, அரைத்துணியும் கையில ஒரு தடியுமா எறங்கியிருக்க. அவனுக்கு எல்லாமே 10. ஆயுதத்துப் படத்து மேல செவப்புல பெருக்கல் குறி விழும். கையில பிடிச்சுக்கிடலாம், வீசவும் வீசலாம். அடி மட்டும் பேருக்குத்தான் விழும். படம் பிடிச்சுக் கூட்டாளிக்கு அனுப்பலாம், அதுக்கு எந்தத் தகுதியும் வேண்டாம்.

ஒரு சூட்சுமம் சொல்லித் தாரேன். ஆயுதத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சா உன் ஸ்ட்ரெங்த் ஒண்ணரை மடங்காக் கணக்காகும். 20 இருந்தாலே 30 ஆயிரும். அந்த வீடியோக்காரனும் இதைச் சொல்லியிருப்பான், நீதான் ஓட்டி விட்டிருப்ப. ஆனா ஃபெய்த்துக்கு அந்தச் சலுகை கெடையாது. ரெண்டு கையால கும்பிட்டாலும் பக்தி ஒண்ணரை மடங்கு கூடாது.

இந்தச் சூட்சுமம் தெரிஞ்சதும் நீ எங்க ஓடுவேன்னு எனக்குத் தெரியும். லிம்கிரேவுக்குத் தெக்க, வீப்பிங் பெனின்சுலாக் கடைக்கோடியில காஸில் மோர்ன். அங்கன லியோனைன் மிஸ்பிகாட்டன்னு சிங்கமூஞ்சி ஒண்ணு. அதைக் கொன்னா கிராஃப்டட் பிளேட் கிரேட்ஸ்வோர்டு. ஏகப்பட்ட வாளுங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் செஞ்ச மகா வாள். ஸ்ட்ரெங்த் 40 வேணும், ரெண்டு கையாலன்னா 27 போதும், டெக்ஸ்டெரிட்டி 14. சரி, கணக்குப் போட்டு ஏத்திக்கிட்ட. அதோட எடை 21-ன்னு பாத்தியா? உன்னால தூக்க முடிஞ்ச சொமையில எழுபது சதவீதம் தாண்டுச்சுன்னா உருண்டு தப்பிக்க முடியாது, தொப்புன்னு விழத்தான் முடியும். பாஸ் ஓங்குதான், நீ விழுத. எந்திரிக்கதுக்குள்ள அடுத்ததும் விழுந்துருது. அதுக்காவ நீ ஒரு உபாயம் பண்ணுன பாரு, அதைச் சொல்லாம இருக்க முடியல. வாளைக் கொறைக்காம சட்டையக் கழத்திட்ட! கோமணத்தோட மகா வாளைத் தூக்கிக்கிட்டு ஓடுத வீரனைப் பாத்துக் கோட்டையில காவல் நிக்கவனே செத்த நேரம் தெகைச்சிருப்பான்.

தேடுத விசயத்துக்கு வாரேன். டயாப்லோ வகையறா ஆட்டத்துலதான் ஆயுதம் சீட்டுக் குலுக்கி விழும், எவனுக்கு எப்பம் எது விழும்னு யாருக்கும் தெரியாது. ஹிடெடாகா மியாசாகி 2022 பிப்ரவரியில இறக்கி விட்ட இந்த ஆட்டத்துல பெரும்பாலான பெரிய ஆயுதத்துக்கு வீட்டு விலாசம் உண்டு. இந்தக் குகை, இந்தப் பெட்டி, இந்த பாஸ். பாஸைக் கொன்னா கட்டாயம் குடுப்பான், குடுத்துட்டுத் திரும்ப எந்திரிக்க மாட்டான். ஆகையினால "எனக்கு ராசியே இல்ல தாத்தா"ன்னு எங்கிட்ட மூக்கைச் சிந்தாத. உனக்கு ராசி இருக்கு, பொறுமைதான் இல்ல.

குலுக்கல்ல விழுத ஆயுதமும் கொஞ்சம் உண்டுதான். அதுக்கு ஒரு நெறி இருக்கு: எவன் கையில எது இருக்கோ அதைத்தான் அவன் போடுவான். நோபிள்ஸ் ஸ்லெண்டர் ஸ்வோர்டுன்னு ஒல்லியா ஒரு வாள். கந்தல் பட்டைக் கட்டிக்கிட்டுக் கூன் போட்டு அலையுதானுங்கள்லா கெழட்டுப் பிரபுக்கள், அதுல அந்த வாளை வச்சிருக்கவனைக் கொல்லணும். கொன்னாலும் லேசுல விழாது. கிரேஸ்னு இளைப்பாறுத எடத்துல உக்காந்து எந்திரிச்சா அவனும் எந்திரிச்சிருவான், மறுபடியும் கொல்லு. ஆர்கேன் கூட இருந்தா வாய்ப்புக் கூடும், சில்வர் ஸ்காரப் தாயத்து மாட்டுனா இன்னும் கூடும், வெள்ளியில ஊறுன கோழிக்காலைத் தின்னா அதுக்கும் மேல கூடும். கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டு ஒரே கெழவனை ராத்திரி பூராக் கொல்லுத பாரு, உன் வைராக்கியத்தை நெனைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. அந்தக் கெழவன் எடத்துல என்னைய வச்சுப் பாத்தாத்தான் கொஞ்சம் சங்கடமா இருக்கு.

பெட்டியப் பாத்தா உனக்குக் கை அரிக்கும். லிம்கிரேவ் ஏரிக்கரையில டிராகன் எரிச்ச பாழடைஞ்ச கட்டடம் கெடக்கு, டிராகன்-பர்ன்ட் ரூயின்ஸ். நெலவறையில ஒரு பெட்டி. தொறந்து பாரு மக்கா, தைரியமாத் தொறந்து பாரு. பொகை வரும், ஆளைத் தூக்கிட்டுப் போயிரும். கண்ணு முழிச்சா கேலிட்ல செல்லியா படிகச் சொரங்கத்துக்குள்ள கெடப்ப. வெளிய நடந்து வராம அங்கேருந்து பாய முடியாது. சொரங்கத்துல இருக்க பூச்சி ஒரே பீய்ச்சுல உசுரை வாங்கும். தப்பிச்சு வெளிய வந்தா வானம் செவந்து கெடக்கு, காக்கா எல்லாம் குதிரை ஒசரத்துக்கு நிக்கு. வாளைத் தேடிப் போனவன் ஒரு பைசா செலவில்லாம வெளியூர் பாத்துட்டு வருவான்.

தரையில எழுதி வச்சிருக்க சேதியையும் நம்பு. "முன்னால பொதையல்"னு ஒருத்தன் எழுதியிருப்பான், எட்டிப் பாத்தா பள்ளத்தாக்கு. "குதிச்சுப் பாரு"ன்னு இன்னொருத்தன். நீ குதிக்க. எழும்பி வந்து, கடுப்புல இல்ல, சிரிச்சுக்கிட்டே அந்தச் சேதிக்கு "நல்லாருக்கு"ன்னு மதிப்புப் போடுத. நீ போடுத மதிப்புல எழுதுனவனுக்கு உசுரு ஏறும், தெரியுமா? எங்கனயோ ஒரு பாஸ்கிட்ட அடி வாங்கிக்கிட்டு இருக்கவன் உன் சாவுல பொழைச்சுக்கிடுவான். பொய் சொன்னவனுக்குக் கூலி குடுக்குத ஊரு அது. நம்ம ஊருல எல்லாம் அப்பிடி நடக்குமா, சொல்லு.

அடுத்து, ஊரே வச்சிருக்க அரிய ஆயுதம். ரிவர்ஸ் ஆஃப் பிளட்னு ஒரு கத்தனா. ராட்சதங்க மலையில சர்ச் ஆஃப் ரிபோஸ் பக்கத்துல ஒக்கினான்னு ஒருத்தன் பாஞ்சு வருவான், அவனைக் கொன்னா கெடைக்கும். ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, ஆர்கேன் 20. ஆட்டம் வந்த புதுசுல மத்தவன் உலகத்துக்குள்ள சண்டைக்குப் போனா எதிர்ல நிக்கவன் கையில அதுதான் இருக்கும். அவனைக் கொன்னுட்டுத் திரும்புனா அடுத்தவன் கையிலயும் அதுவேதான். எல்லாரும் மலையேறி, எல்லாரும் ஒக்கினாவக் கொன்னு, எல்லாரும் "எங்கிட்ட மட்டும்தான் இருக்கு"ன்னு வந்து நிக்கானுங்க. பொறவு கம்பெனிக்காரன் அதோட பல்லைப் புடுங்கிட்டான். நெர்ஃப் பண்ணிட்டான்னு நீ மூணு நாளு சோறு திங்காம மொகத்தைத் தூக்கி வச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா?

அதுக்கும் முந்தி ஒண்ணு நடந்தது. கேரியா மேனர்ல மாடத்து வழியா ஏறி, ஏணியில எறங்கி எடுக்கணும், ஸ்வோர்ட் ஆஃப் நைட் அண்ட் ஃபிளேம். நீல ஒளிக்கத்தை ஒண்ணும் தீ வீச்சு ஒண்ணும் ஒரே வாளுல வரும். இன்டெலிஜென்ஸ் 24, ஃபெய்த் 24 ரெண்டும் வேணும். ஆட்டம் வந்தது பிப்ரவரி 25. மார்ச் 17-ல வந்த பேட்ச்ல அதோட அடியக் கொறைச்சுட்டாங்க. மூணு வாரம் ஆகல. அதுக்குள்ள அந்த வாளுக்காவ லெவல் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் சரிசமமாக் கொட்டுனவங்க கதிய யோசிச்சுப் பாரு. அடுத்தவன் சொன்னான்னு ஒரு வாளுக்கு ஏத்தபடி ஆளையே மாத்திக்கிட்டா இப்பிடித்தான், வாளு மாறுனதும் ஆளு நடுத்தெருவுல நிப்பான். மூன்வெய்ல் எடுக்கப் போறவனுக்கும் இதே சேதிதான். கேல் டனல்ல மேக்மா வைர்மைக் கொன்னா வரும், கையில பிடிக்க இன்டெலிஜென்ஸ் 23 வேணும். புத்தி வேணும்னு ஆயுதமே கேக்கு பாரு, அதுக்கு இருக்க வெவரம் கூட.

எனக்குப் பிடிச்சது ரன்னி கதைதான். டார்க் மூன் கிரேட்ஸ்வோர்டு. ஃப்ரம்சாஃப்ட்வேர்காரனுக்கு நெலா வாளு மேல பழைய மோகம். 1994-ல வந்த கிங்ஸ் ஃபீல்டுலேருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் ஏதாவது ஒரு வேசத்துல அதைக் கொண்டாந்து வைக்கான். இதுல அதை எடுக்கணும்னா சும்மா எடுக்க முடியாது, மாப்பிள்ளையா வரணும். பொண்ணு நாலு கையுள்ள பொம்மை உடம்புல இருக்கா. ராடான்னு ஒரு பாஸைக் கொல்லணும், விழுந்த நட்சத்திரம் தோண்டுன பள்ளத்து வழியா பூமிக்கடியில நோக்ரானுக்குப் போகணும், விரல் அறுக்குத கத்திய எடுத்துக் குடுக்கணும். பொறவு அவளையே சின்னப் பொம்மையா மடியில வச்சுக்கிட்டு கிரேஸ்ல உக்காந்து பேச்சுக் குடுக்கணும். ஒரு தடவைக்குப் பதில் வராது. திரும்பத் திரும்பப் பேசணும். நீ பொம்மைக்கிட்டப் பேசிக்கிட்டு இருந்ததை ஒங்க அம்மா பாத்துட்டு எங்கிட்ட வந்து கண்ணு கலங்குனா, நாந்தான் சமாதானம் சொன்னேன்.

அதோட முடியுதா? அழுகல் ஏரிய நீந்தாத கொறையாக் கடக்கணும், ஆஸ்டெல்னு வானத்துப் பூச்சியக் கொல்லணும். இதுக்கு நடுவுல கல்யாண மோதிரம் வேணும்லா? அது எங்க இருக்கு தெரியுமா? ராயா லுகேரியா நூலகத்துல, பொண்ணோட ஆத்தா ரெனாலா உக்காந்திருக்க எடத்துலயே, அவ பக்கத்துப் பெட்டியில. அதாவது மாமியாக்காரிய மொதல்ல அடிச்சுத் தோக்கடிச்சுட்டு, பொறவு திரும்ப வந்து அவ கண்ணு முன்னாலயே பெட்டியத் தொறந்து மோதிரத்தை எடுத்துட்டுப் போயி அவ மக வெரல்ல மாட்டணும். சீர் செனத்தியா அந்த நெலா வாளு. மாட்டுன கையோட பாத்தா இன்டெலிஜென்ஸ் 38 கேக்கும். உனக்கு 15. இப்பம் எங்க போவ? அந்த மாமியாக்காரிகிட்டதான் போகணும்! லார்வல் டியர் ஒண்ணைக் குடுத்தா அவதான் உன் லெவலை எல்லாம் கலைச்சு மறுபடியும் அடுக்கித் தருவா. அந்தக் கண்ணீரும் எண்ணித்தான் வச்சிருக்கான், நெனைச்ச நேரத்துக்கெல்லாம் கெடைக்காது. அவளும் ஒரு வார்த்தை கோவிக்காமச் செஞ்சு தாரா. இம்புட்டு நல்ல சம்பந்தம் எனக்கு வாய்க்கல.

பெரிய பாஸ் செத்தா ரிமெம்பரன்ஸ்னு ஒண்ணு குடுப்பான். ரவுண்ட்டேபிள் ஹோல்டுல எனியா கெழவிகிட்டக் குடுத்தா அதை ஆயுதமா மாத்தித் தருவா. காட்ரிக்னு ஒரு பாஸோடதுன்னா கோடாலி ஒண்ணு, டிராகன் தலை ஒண்ணு, ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டும் வேணும்னா நடமாடுத கல்லறை அலையுதுல்லா, வாக்கிங் மசோலியம், அதோட காலைச் சுத்தி ஒட்டியிருக்க மண்டையோட்டை ஒடைச்சு உக்கார வச்சு, உள்ள போயி நகல் எடுக்கணும். ஒரு கல்லறைக்கு ஒரு நகல்தான். நீ இதெல்லாம் படிக்காம அதை அப்பிடியே முழுங்கி 20,000 ரூன் வாங்கிட்டு, ரெண்டு லெவல் ஏத்திட்டு, "தாத்தா, கோடாலி எங்க கெடைக்கும்?"னு கேட்டியே, அப்பம் எனக்கு வெத்தலை பொரையேறிட்டு.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நேரம் பாத்து வேகமாப் போ. லேண்டெல் தலைநகரத்துல கிரான்சாக்ஸ்னு ஒரு டிராகன் கல்லாச் சமைஞ்சு நகரத்து மேலயே படுத்துக் கெடக்கு. அதோட ஈட்டி மேல ஏறி நடந்தா போல்ட் ஆஃப் கிரான்சாக்ஸ் கெடைக்கும், டெக்ஸ்டெரிட்டி 40 உள்ளவனுக்கு நல்ல சாமான், தூரத்துல நின்னே மின்னலை எறியலாம். ஃபாரும் அசூலாவுல மலிகெத்தைக் கொன்னுட்டா நகரம் சாம்பல் மூடிப் போகும், அதுக்கப்பறம் அந்த ஆயுதம் அந்த ஆட்டத்துல கெடையாது. அடுத்த ஆட்டம் மொதல்லேருந்து ஆடணும். நீ நகரத்துக்குள்ள சுத்திக்கிட்டு இருந்த காலத்துல அந்த ஈட்டி மேலேயே நின்னு படம் பிடிச்சு எங்கிட்டக் காட்டுன. "அங்கன மின்னுதது என்னலே?"ன்னு கேட்டேன். "வெளக்கு தாத்தா"ன்ன.

இப்பம் மெயின் சங்கதிக்கு வாரேன். வாளு அரிதுன்னு எல்லாவனும் சொல்லுதான். வாளுக்கெல்லாம் விலாசம் இருக்குன்னு சொன்னேம்லா. அரிதா இருக்கது அதுக்குப் போடுத கல்லு. சாதாரண ஆயுதம் +25 வரைக்கும் ஏறும். ஒவ்வொரு படியா 2, 4, 6-ன்னு கல்லைத் தின்னு, 24 படிக்கு மொத்தம் 96 கல்லு, அதுக்கு மேல கடைசிப் படிக்கு டிராகன் கல்லு ஒண்ணு. தனிச்சிறப்பான ஆயுதம் +10-ல நின்னுரும், படிக்கு ஒரு சோம்பர் கல்லு போதும். கணக்குல இதுதான் மலிவு. ஆனா கடைசிப் படிக்குக் கேக்குத பழைய டிராகன் சோம்பர் கல்லு இருக்கு பாரு, அது ஒரு ஆட்டத்துக்கு இம்புட்டுதான்னு அளந்து வச்சது. மத்த கல்லுல பெரும்பாலானதுக்கு அதுக்குன்னு உள்ள மணியத் தேடி எடுத்து, ரவுண்ட்டேபிள்ல இருக்க ரெட்டைக் கெழவிங்ககிட்டக் குடுத்தா வெலைக்கு விப்பாளுங்க. இதை அப்பிடி அள்ள முடியாது. நீ என்ன பண்ணி வச்சிருக்க? கண்ணுல பட்ட வாளுக்கெல்லாம் +3, +4-ன்னு ஆளுக்குக் கொஞ்சம் தூவி விட்டிருக்க. தொழுவத்துல பதினாறு காளையக் கட்டிட்டு ஒரு கட்டு வைக்கோலைப் பங்கு வச்ச கதைதான், ஏருக்குப் போக ஒண்ணுக்கும் தெம்பு இல்ல. ஆயுதத்துக்குப் பக்கத்துல போட்டிருக்க E, D, C, B, A, S எழுத்தெல்லாம் அழகுக்குன்னு நெனைச்சியா? உன் ஸ்ட்ரெங்த்தையோ டெக்ஸ்டெரிட்டியையோ அது எம்புட்டு உறிஞ்சி அடியா மாத்தும்னு சொல்லுத எழுத்து அது. கல்லு ஏற ஏறத்தான் அந்த எழுத்தும் ஏறும். ஏத்தாத அரிய வாளை விட ஏத்துன கடைச்சரக்கு பலமா அடிக்கும்.

கடைச்சரக்குன்னதும் மூஞ்சியச் சுளிக்காத. வீப்பிங் பெனின்சுலாவுல ஒத்தையில உக்காந்திருக்க யாவாரிகிட்ட 3,500 ரூனுக்கு ஸ்வைஹேண்டர் விக்கான். எவனையும் கொல்ல வேண்டாம், எவ மகளையும் கட்ட வேண்டாம். அதுல வேண்டிய ஆஷ் ஆஃப் வார் வித்தைய மாத்திக்கிடலாம், தீயாக்கலாம், பனியாக்கலாம், ரத்தம் சிந்த வைக்கலாம். உன் தனிச்சிறப்பு வாளுல அது எதுவும் நடக்காது, அது பொறந்த வித்தைய மட்டும்தான் காட்டும். அந்த வித்தைக்கும் நீலக் குப்பி வேணும். நீயோ குப்பி எல்லாத்தையும் செவப்பா மாத்தி வச்சிருக்க, அடி வாங்குதது நிச்சயம்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு வெவரத்தை மட்டும் நான் பாராட்டுதேன்.

2024 ஜூன் 21-ல வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீக்கும் இதே பாடுதான். ராடானையும் மோக்கையும் கொன்னுட்டு, பை நெறைய வாளோட நெஞ்சை நிமித்திப் போனவனெல்லாம் மொத எதிரிகிட்டயே மண்ணைக் கவ்வுனான். அங்கன அடியும் அடி தாங்குத பலமும் ஏறுதது ஸ்காடுட்ரீ துண்டைப் பொறுக்கித்தான். பொறுக்குனவன் பொழைச்சான், வாளைக் காட்டுனவன் போயி "ரொம்பக் கஷ்டமா வச்சுட்டான்"னு பிராது எழுதுனான்.

ரவுண்ட்டேபிள்ல ஹியூக்னு ஒரு கொல்லன் சங்கிலியில கட்டுப்பட்டுக் கெடக்கான், பாத்திருப்ப. ஒரு கடவுளையே கொல்லுத ஆயுதத்தை அடிச்சுக் குடுக்கணும்னு அவன் தலையில எழுத்து. நீ அவங்கிட்டப் போயி +1 ஏத்தி, +2 ஏத்தி, நாளைக்கு வேற வாளோட வந்து நிக்க. அவன் பொறுமைய நெனைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் வருது. சவத்தை அந்தக் கைபேசிய அணைச்சுத் தூரப் போடு. பெட்டியில கெடக்கதுல உன் லெவலுக்கு ஒத்து வாரது ஒண்ணே ஒண்ணை எடு. இருக்க கல்லு பூரா அதுக்கே போடு. அது எப்பிடி வீசும், எம்புட்டுத் தூரம் எட்டும், வீசிட்டுக் கையத் திருப்ப எம்புட்டு நேரம் ஆகும்னு நாயிகிட்டயும் காவக்காரன்கிட்டயும் நாலு நாளு பழகு. பொறவு அந்தத் தங்கக் குதிரைக்காரன்கிட்டப் போ. மிச்ச வாளை எல்லாம் வித்துரு, ஒண்ணும் கொறைஞ்சு போயிராது.